பின்கடப்பு

எங்கள் வளவுக்கு இரண்டு கடப்புகள், அதாவது வாசல்கள். முன்கடப்பு தெருவைப் பார்த்தது. அதற்கு இரும்புக் கதவு போட்டு, பச்சை நிறம் பூசி வைத்திருக்கிறேன். பின்கடப்பு குறுகிய ஒழுங்கையைப் பார்த்தது. அதற்குத் தகரம் அடித்த பலகைதான் கதவு. கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும். கலியாணம் முடித்து மாப்பிள்ளையாக இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் முன்கடப்பால்தான் போய் வந்தேன். பின்கடப்பு பெண்களுடையது. மீன் சைக்கிள் நிற்பதும், அயல்வீட்டுப் பெண்கள் தேங்காய்ப் பாதி கேட்டு வருவதும், ஊர்க்கதை உள்ளே நுழைவதும் அதன் வழியாகத்தான்.

இதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. பள்ளிவாசல் ஓர் ஆய்வு செய்யப் புறப்பட்டு, அதற்கு என்னைத் தலைவராக்கியிராவிட்டால், கடைசிவரை நினைத்திருக்கவும் மாட்டேன்.

கிழக்கிலங்கையில், கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் ஆண் பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். வீடு பெண்ணுக்குரியது. பெற்றோர் தாங்கள் இருந்த கல்வீட்டை மகளுக்கும் மருமகனுக்கும் விட்டுக்கொடுத்து, பின்வளவில் ஓர் அறையைப் போட்டுக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். என் மாமியும் அப்படித்தான் செய்தார். எனக்கும் அவர் மகளுக்கும் கலியாணம் பேசி முடிந்த கையோடு, கணவரை இழந்த அந்தப் பெண் தன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு பின்னால் இருந்த பழைய சமையற்குசினியை ஒட்டிய சிறு அறைக்குப் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது அதிகமில்லை. இப்போது தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கே எழுபது கடந்துவிட்டது.

மருமகன் முன்னால் மாமியார் வருவதில்லை என்பது இன்னொரு வழக்கம். நான் வீட்டில் நின்றால் அவர் உள்ளே வரமாட்டார். முற்றத்தில் தற்செயலாக எதிர்ப்பட்டால் முக்காட்டை இழுத்துவிட்டு ஒதுங்குவார். ஏதும் சொல்ல வேண்டுமென்றால் என் மனைவி மூலமாகச் சொல்லியனுப்புவார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த மரியாதை எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஆய்வுக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளிவாசலின் இமாமான ஹஸரத் இளைய மனிதர். வந்து சில வருடங்கள்தான். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம்பிக்கையாளர் சபையைக் கூட்டி இருத்தினார்.

"சுனாமியில கடல் வந்து போன காலத்திலயிருந்து நம்மளக் கேள்வி கேக்க எத்தனை பேர் வந்தாங்க? கொழும்பால வந்தாங்க, வெளிநாட்டால வந்தாங்க. பத்துப் பக்கம் எழுதிக்கிட்டுப் போனாங்க. ஆராவது திரும்பி வந்து, இதுதான் நாங்க கண்டம் எண்டு சொன்னாங்களா?"

ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அயலவன்ட ஹக்கு, அவன்ட உரிமை எண்டு மிம்பர் மேடையில நின்டு நான் சொல்றன். அயலவன் எப்படி இரிக்கான் எண்டு நமக்குத் தெரியுமா? கேட்டுப் பாக்கிறதும் இபாதத்துதான், ஒரு வணக்கம்தான். நம்மட பள்ளிக்குட்பட்ட மஹல்லாவில வயசு போனவங்க எப்படி இரிக்காங்க எண்டு நாமளே கேப்பம்."

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூட அதிபராகவும் பிறகு கல்வித் திணைக்களத்திலும் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆய்வு முறைகள் படித்தவன், ஆசிரியர்களுக்குப் படிப்பித்தவன். மறுப்பதுபோல ஒரு தரம் தலையை ஆட்டிவிட்டு ஏற்றுக்கொண்டேன்.

கேள்விகளை நானே தயாரித்தேன். ஆட்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தேன். தன் சொந்த வீட்டை ஒருவரும் விசாரிக்கக் கூடாது என்று விதி வைத்தேன். அஸருக்குப் பின் வெயில் தாழும் நேரத்தில் வீடு வீடாகப் போனோம். என்னோடு வந்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கும் போட் முதலாளி. கடலுக்குப் போய்ப் போய்த் தொண்டை பெருத்தவர்; மெல்லப் பேசத் தெரியாது. முன்கடப்பில் நின்று அவர் சலாம் சொன்னால் அடுத்த தெருவிலிருந்து பதில் வரும்.

போன இடமெல்லாம் நல்ல வரவேற்பு. முன் மண்டபத்தில் கதிரை போட்டார்கள். பிளேன்டீயும் பிஸ்கட்டும் வந்தன. வீட்டு மருமகன்மார் உட்கார்ந்து பதில் சொன்னார்கள்.

"மாமா மாமி உங்களோடயா இரிக்காங்க?"

"ஓம் சேர், பின்னால இரிக்காங்க."

"சாப்பாடு, மருந்து?"

"எல்லாம் மகள்தான் பாக்கிற. ஒரு குறையுமில்ல, அல்ஹம்துலில்லாஹ்."

எழுதிக்கொண்டேன். பின்னால் போய் அவர்களையும் ஒரு தரம் பார்ப்போமா என்று எந்த வீட்டிலும் நான் கேட்கவில்லை. அந்நிய ஆண் பின்வளவுக்குப் போவது எங்கள் ஊரில் இல்லாத பழக்கம். எல்லா வீட்டிலும் ஒரே பதில் கிடைத்தது. பதில்கள் இப்படி ஒத்துவருவதே ஆய்வு சரியாக நடந்ததற்கு அடையாளம் என்று போட் முதலாளிக்கு விளக்கினேன்.

"எனக்கு அதெல்லாம் விளங்காது சேர்," என்றார் அவர். "வீசுற பக்கமெல்லாம் ஒரே மீன் பட்டா, நாங்க வலையிலதான் என்னவோ பிழை எண்டு பாக்கிற."

சிரித்துவிட்டு நடந்தேன்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசினேன். எங்கள் மஹல்லாவில் கைவிடப்பட்ட முதியவர் ஒருவரும் இல்லை என்றேன். வீட்டைப் பெண்ணுக்குக் கொடுக்கும் எங்கள் வழக்கத்தால் தாயும் தகப்பனும் மகளின் நிழலிலேயே இருக்கிறார்கள் என்றேன். மற்ற ஊர்கள் எங்களைப் பார்த்துப் படிக்கலாம் என்று ஒரு வசனத்தையும் சேர்த்துக்கொண்டேன். ஒலிபெருக்கி அதை வீடுகளுக்கும் கொண்டுபோனது. பின்வளவுகளுக்கும்தான்.

பேசி முடித்ததும் பெண்கள் தொழும் பகுதியின் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெண்கள் மத்ரசாவில் படிப்பிக்கும் மௌலவியா அவர். சிறுமியாக இருந்தபோது நான் அதிபராக இருந்த பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

"சேர், ஒரு கேள்வி. மாமிமார் சொன்னதா, மருமகன்மார் சொன்னதா?"

"வீட்டுத் தலைவரிடம் கேட்பதுதான் முறை," என்றேன். மேடையில் என்னையறியாமல் எழுத்துத் தமிழ் வந்துவிடும்.

"ஓம் சேர். ஆனா நீங்க எல்லாரும் முன்கடப்பால போயிருக்கிறீங்க. வயசு போனவங்க இரிக்கிறது பின்கடப்புப் பக்கம். எங்கள விட்டுப் பாருங்க."

ஆண்கள் பகுதியில் சிலர் சிரித்தார்கள். ஒருவர், "அப்ப ஆய்வும் பொம்புளைகளுக்கா?" என்றார். விஞ்ஞான ரீதியாக நடந்த வேலை இது என்று நான் சொல்லத் தொடங்கினேன். ஹஸரத் கையை உயர்த்தினார்.

"விடுங்க சேர். அவங்களும் ஒரு தரம் போகட்டும். நீங்க சொன்னது சரியெண்டா, ரெண்டு மடங்கு சரியாகும்."

மௌலவியாவும் இன்னும் சில பெண்களும் போனார்கள். அவர்கள் எப்படிப் போனார்கள் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. காலையில், சமையலுக்கு முன், ஆண்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் பின்கடப்பைத் திறந்துகொண்டு போயிருக்கிறார்கள். கேள்வித்தாள் கொண்டுபோகவில்லை. வெங்காயம் உரித்துக் கொடுத்து, மீன் கழுவிக் கொடுத்து, கதைத்திருக்கிறார்கள். எங்கே படுக்கிறீங்க, எங்கே குளிக்கிறீங்க, கடைசியாக ஆரோட கதைச்சீங்க என்பவைதான் கேள்விகள். எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார்கள். நான் அப்போது முன் மண்டபத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அவர்கள் முடித்தபின் ஹஸரத் ஒரு நிபந்தனை வைத்தார். சொன்னவர்களின் வார்த்தை எங்களிடம் நம்பி ஒப்படைத்த அமானத்து. பள்ளியில் சொல்வதற்கு முன் சொன்னவர்களிடமே அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிழையிருந்தால் அவர்கள் திருத்தட்டும் என்றார். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கூட்டம் வைப்பதாக முடிவானது. பெயர் சொல்லக் கூடாது.

எங்கள் தெருவின் கூட்டம் மத்ரசா மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை காலை. நடுவில் திரை. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். தலைவன் என்பதால் நான் முன்னால் ஹஸரத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். மௌலவியா திரைக்கு அப்பாலிருந்து வாசித்தார்.

முதலில் ஒரு வீட்டில் வாப்பாவுக்குக் கண் தெரியாமல் போனது மருமகனுக்கு மாதக்கணக்கில் தெரியாது என்றார். பிறகு இன்னொரு வீட்டில் உம்மா பகல் முழுவதும் கோழிகளோடு மட்டும் கதைக்கிறார் என்றார். நான் உச்சுக்கொட்டினேன். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று உண்மையாகவே வருந்தினேன்.

"இன்னொரு வீடு," என்று மௌலவியா தொடர்ந்தார். "தாய் பின்வளவில் இருக்கிறார். குளியலறை பெரிய வீட்டுக்குள்ளே. மருமகன் வீட்டில் நிற்கும் நேரம் தாய் உள்ளே போவதில்லை. அவர் தொழப் போகும் வக்துகளில் போய் வருவார். மழைக்காலத்தில் மருமகன் வீட்டிலேயே தொழுதால், கிணற்றுக்கு அங்காலே உள்ள பழைய கக்கூசுக்குக் குடையோடு போவார். ஒரு தரம் வழுக்கி விழுந்ததை மகளுக்குச் சொல்லவில்லை. பின்னேரம் மருமகன் வானொலியில் செய்தி கேட்பார். அது முடிந்து அவர் வெளியே போகும் வரை காத்திருக்க வேண்டும். அதனால் தாய் பகல் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் குடிப்பதில்லை."

எனக்குப் புரிந்துவிட்டது. தெருவுக்கும் புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் பின்னேரச் செய்தியை வானொலியில் கேட்பவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லோரிடமும் கைப்பேசி இருக்கிறது. ஆண்கள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட் முதலாளி மெல்ல இருமிப் பார்த்தார். அது மண்டபம் முழுவதும் கேட்டது.

அப்போது திரைக்கு அப்பால் ஒரு கிழக் குரல்.

"அது அப்படியில்ல புள்ள. செய்தி மட்டுமெண்டா காரியமில்ல. செய்திக்குப் பின்னால அரசியல் கதை ஒண்டு வரும். அதும் முடியணும். அதுதான் நீளம்."

மாமி வந்திருந்தார். எனக்குத் தெரியாது.

முதலில் பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பிறகு ஆண்கள் பக்கமும். போட் முதலாளி, "சேர், அந்த நிகழ்ச்சியக் கட்டையாக்கச் சொல்லி ரேடியோவுக்கு நாங்க மகஜர் ஒண்டு எழுதுவம்," என்றார். ஹஸரத்தும் வாயைப் பொத்திக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்க விரும்பவில்லை. எல்லோரோடும் சேர்ந்து சிரித்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தப் பகுதியை அறிக்கையிலிருந்து நீக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். தனியொரு வீட்டின் விவரம் பொதுவான முடிவுக்கு உதவாது," என்றேன். வாழ்நாளெல்லாம் படித்த படிப்பு அந்த நேரத்தில் அதற்குத்தான் உதவியது.

சிரிப்பு நின்றது. மாமியின் குரல் மறுபடியும் வந்தது. இந்த முறை அதில் பகிடி இல்லை.

"கதைச்சது நான். எடுக்கிறதெண்டா என்னட்டக் கேக்கணும்."

ஹஸரத் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்து, "ஓம் உம்மா. அது உங்கட அமானத்து. எடுக்கவா, வைக்கவா?" என்று கேட்டார்.

"வைங்க. நான் ஒருத்திதானா இப்படி இரிக்கிற? மத்தவள்களும் வாயத் திறக்கட்டும்."

அவர்கள் திறந்தார்கள். அதன் பிறகு அந்தக் கூட்டம் நண்பகல் ளுஹர் பாங்கு வரை நடந்தது.

கலையும்போது ஹஸரத் என் அருகில் வந்து மெல்லச் சொன்னார். "சேர், நீங்க அறியாததில்ல. மாமியார் மருமகனுக்கு மஹ்ரம். தாய் மாதிரி. உங்களுக்கு முன்னால அவங்க மறையணும் எண்டு மார்க்கம் சொல்லல்ல. நம்மட வெக்கம் சொன்னத நாம மார்க்கமெண்டு வெச்சிருக்கிறம்."

எனக்குத் தெரியும். வினாத்தாளில் கேட்டிருந்தால் எழுதிப் புள்ளி வாங்கியிருப்பேன். என் வீட்டு முற்றத்துக்கு அதைக் கொண்டுவந்து பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தேன். மனைவி சோறு போட்டுவிட்டு எதிரில் நின்றார்.

"எனக்கு ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன். கேட்கும்போதே அது நியாயமில்லை என்று தெரிந்தது.

"சொன்னன்தானே. குளியலறை கட்டக்குள்ள சொன்னன், உம்மாட பக்கமும் ஒரு கதவு வைப்பமெண்டு. நீங்க என்ன சொன்னீங்க?"

நினைவு வந்தது. வீட்டைத் திருத்திக் கட்டியபோது படத்தை நானே கீறினேன். இரண்டு பக்கமும் கதவு வைத்தால் அமைப்புக் கெட்டுவிடும் என்றேன். மனைவி இரண்டாம் தரம் கேட்கவில்லை. பெண் வீட்டில் வந்து இருக்கும் மாப்பிள்ளை நான். வீடு அவருடையது, அவர் தாய் கொடுத்தது. ஆனால் கதவு எங்கே வருவது என்று தீர்மானித்தவன் நான்.

அன்று பின்னேரம் மாமியைப் பார்க்க முதல் தரமாகப் பின்வளவுக்குப் போனேன். மனைவி முன்னால் நடந்தார். மாமி கோழிக்கூட்டடியில் சிறிய பலகையில் இருந்தார். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார். எங்களுக்கிடையே ஒரு கை தூரம்தான்.

நான் மனைவியிடம் சொன்னேன்: "உம்மாவ முன்னறைக்கு வரச் சொல்லுங்க. நாம பின்னால இரிப்பம்."

மாமி தன் மகளிடம் சொன்னார்: "முன்னறையில இருந்து நான் ஆரப் பாக்கிற? ரோட்டால போற லொறியயா? எண்ட ஆக்கள் வாறது இந்தக் கடப்பாலதான். வேணாமெண்டு சொல்லு."

"அப்ப என்னதான் வேணுமெண்டு கேளுங்க."

"கதவு வைக்கிறண்டா வைக்கட்டும். ஒரு லைட்டும் போடட்டும். மறுகா, என்னோட கதைக்கிறதெண்டா நேர கதைக்கட்டும். வாய் இரிக்கிதானே. பள்ளியில ஸ்பீக்கர் போட்டுக் கதைக்கிற வாய்."

என் மனைவி நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "எண்ட றப்பே, ரெண்டு பேருக்கும் காது கேக்கும்தானே? நான் என்ன தந்திக் கம்பியா?" என்று சொல்லிவிட்டு, குசினிக்குள் போய்விட்டார். வேண்டுமென்றேதான் போனார்.

நாங்கள் இருவரும் தனித்து நின்றோம்.

"மாமி," என்றேன். கலியாணம் முடித்த காலத்திலிருந்து அவரை நேராக அந்தச் சொல்லால் கூப்பிட்டதில்லை.

"என்ன மருமகன்?"

"நான் பிழை விட்டுட்டன்."

"ஓம்," என்றார். அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்து, "அங்கால நில்லுங்க. கோழி உங்களுக்குப் பயந்துகிட்டுக் கூட்டுக்குள்ள வருதில்ல," என்றார்.

நகர்ந்து நின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள், பேச்சு கொஞ்சம் பழகிய பின், அவர் ஒன்றைச் சொன்னார். கலியாணம் நடந்த கிழமையில், நான் மண்டபத்தில் இருப்பது தெரியாமல் அவர் உள்ளே வந்தாராம். நான் உடனே எழும்பி வெளியே போய்விட்டேனாம். "நான் வந்தது மாப்பிள்ளைக்குப் புடிக்கல்ல எண்டு விளங்கிட்டன். அதுக்குப் பின்ன ஏன் வாற?" என்றார். எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மாமியார் வந்தார், மரியாதைக்காக எழும்பி விலகினேன். இருவரும் அன்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்காமல் இருப்பதுதான் பண்பு என்று இருவருமே வளர்க்கப்பட்டிருந்தோம்.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த வெள்ளி மீண்டும் ஒலிவாங்கியைப் பிடித்தேன். இந்த இடத்தில் நின்று பிழையான ஒன்றைச் சொன்னேன், அறியாமல் சொன்னது பாதி, அறிய விரும்பாமல் சொன்னது பாதி என்றேன். என் வீட்டையும் சொன்னேன். கதவையும் சொன்னேன். வீட்டுக்கு வந்தபோது மாமி பின் விறாந்தையில் இருந்தார். ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறார்.

"நல்லாத்தான் சொன்னீங்க மருமகன். ஆனா நீளம்."

மேசன் வந்தார். குளியலறையின் பின்சுவரை உடைத்துக் கதவு வைத்தார். பிடித்து எழும்ப ஒரு குழாய், வழுக்காத தரை, ஒரு லைட்டு. வேலை நடந்தபோது தெருவில் பாதிப்பேர் வந்து பார்த்தார்கள். போட் முதலாளி சுவரிலிருந்த ஓட்டைக்குள் தலையை விட்டு, "சேர்ட ஆய்வு இப்பதான் சரியான இடத்தால உள்ளுக்குப் போகுது," என்றார். அடுத்த கிழமை அதே மேசன் அவர் வீட்டுக்குப் போனார். அவருடைய மாமனாரும் பின்வளவில்தான் இருந்தார்; போட் முதலாளி அதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். பிறகு பள்ளியில் சிரமதானமாகவே அந்த வேலையை எடுத்தோம். வசதியில்லாத வீடுகளுக்கு இளைஞர்கள் போய்ச் செய்து கொடுத்தார்கள். கூட்டத்தில் சொன்ன எல்லாமே சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். பள்ளிவாசலுக்கு வீட்டுக்குள் என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. கதவைப் பூட்டியே வைத்திருப்பவர்களும் உண்டு.

ஆனால் ஒரு விஷயம் நிலைத்துவிட்டது. எங்கள் பள்ளியில் நிக்காஹ் நடக்கும்போது, எல்லாம் எழுதுவதற்கு முன் ஹஸரத் மாப்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்பார்: "பொண்ணுட உம்மா வாப்பா எங்க படுப்பாங்க?" சபை முன்னால் பதில் சொல்ல வேண்டும். முதல் மாப்பிள்ளை, பாவம், பயந்துபோய், "முன்னறையில ஹஸரத்!" என்று கத்தினார். பெண்ணின் வாப்பா எழும்பி, "எனக்கு முன்னறை வேணாம் தம்பி, அங்க நுளம்பு கடிக்கும்," என்றார். அன்றிலிருந்து அவர்களிடமும் கேட்பதென்று வைத்துக்கொண்டோம். இப்போது பெண் பேசப் போகும் வீடுகளில் இந்தக் கதை முதலிலேயே வருகிறது. வீடு கட்டுகிறவர்கள் படம் கீறும்போதே பின்பக்கம் கதவு வைக்கிறார்கள். அயலூர்ப் பள்ளியொன்றிலிருந்து வந்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். பெண்களைப் பின்கடப்பால் அனுப்புங்கள், கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள், தலைவரைக் கவனமாகத் தெரிவுசெய்யுங்கள் என்றேன். கடைசியை நான் பகிடிக்குச் சொல்வதாக நினைத்தார்கள்.

எனக்கு வருத்தம் இருக்கிறது. கதவு வைத்ததால் போன காலம் திரும்பிவிடாது. ஒரு மனுஷி தாகத்தை அடக்கிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தபோது, இந்தப் பக்கம் நான் உலகச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். இதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாமியிடம் கேட்டாயிற்று. "சும்மா அதையே கதைக்காதீங்க," என்கிறார்.

இப்போது பின்னேரங்களில் வானொலியைப் பின் விறாந்தைக்குக் கொண்டுபோகிறேன். கடல்காற்று அங்கேதான் நன்றாக வருகிறது என்பதும் இவ்வளவு காலம் எனக்குத் தெரியாது. மாமி கதிரையில் இருப்பார். நான் படியில். முக்காடு இருக்கிறது, ஆனால் முகம் என் பக்கம். இத்தனை வருடமும் சுவர் வழியாக எல்லாச் செய்தியையும் அவர் கேட்டிருக்கிறார் என்பது முதல் நாளே தெரிந்தது. மந்திரிமாரைப் பற்றி அவருக்குத் திட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. எனக்கு ஒத்துப்போகாதவை.

நேற்றும் செய்தி முடிந்து அந்த அரசியல் நிகழ்ச்சி தொடங்கியது. யாரோ ஒருவர் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார்.

"மருமகன்," என்றார் மாமி, "இவன் இப்ப முடிக்கமாட்டான். அந்தத் தண்ணிப் போத்தலத் தாங்க."

எடுத்துக் கொடுத்தேன். அவர் குடித்தார். நிறுத்தி மூச்சு விட்டு, அந்த மனிதர் சொன்ன ஏதோவொன்றுக்கு "பொய்" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் குடித்தார்.